தனிப்பள்ளியிலிருந்து பொதுப்பள்ளிக்கு: ரோமா மக்களின் கல்விப் போராட்டம்

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, சங்கத்தின் வரலாற்றையே எழுதிவிடலாமென்று முதலில் எண்ணினேன். அவ்வரலாற்றை என்னினும் நன்கறிந்த மூத்தோர் எழுதுகின்றனர் என்று தெரிந்தபின் வேறு பொருள் தேட வேண்டியதாயிற்று. அவ்வேளையில் நமது படிப்பகத்துக்கு வரும் மாணவரொருவர் ஒரு புகைப்படத்தைக் கொணர்ந்து காட்டினார். ஐரோப்பாவில் ஹங்கேரி நாட்டிலுள்ள ஒரு பள்ளியின் படம் அது. பள்ளியின் பெயர் டாக்டர் அம்பேத்கர் பள்ளி. “ஐயா, அங்கே நம்மவர்கள் யார் இருக்கிறார்கள்?” என்று அவர் வினவினார். அவ்வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஐரோப்பாவெங்கும் பரவி வாழும் ரோமா என்னும் மக்களை ஆங்கிலேயர் ‘ஜிப்சி’ என்றனர். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று பிழைபட எண்ணி இட்ட பெயர் அது. நம் நாட்டிலும் நரிக்குறவ மக்களை ஆங்கிலத்தில் எழுதுவோர் அப்பெயரையே ஒட்டிவிடுவதுண்டு. இரு மக்களுக்கும் அதனால் ஒரு தொடர்பும் உண்டாகிவிடாது. ரோமா மக்கள் தம்மை அப்பெயரால் அழைத்துக்கொள்வதைப் பெரும்பாலும் விரும்புவதில்லை. அவர்கள் எகிப்தியரல்லர், இந்திய மண்ணிலிருந்து சென்றவர்கள் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மொழிநூலார் கண்டு கூறினர். அவர்கள் மொழியில் ஒன்று ‘யேக்’, இரண்டு ‘துய்’, மூன்று ‘த்ரின்’, ஐந்து ‘பாஞ்ச்’. நீர் ‘பானி’, மூக்கு ‘நாக்’, மனிதன் ‘மனுஷ்’. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவை விட்டு நீங்கி, பாரசீகம், ஆர்மீனியா வழியாக நடந்து, ஐரோப்பாவின் தென்கிழக்குப் பகுதியை அடைந்தனர் என்பர். ‘ரோம்’ என்னும் பெயரும் வட இந்தியாவில் இன்றும் தாழ்த்தப்பட்டோராய் வாழும் ‘டோம்’ சாதியினரின் பெயரும் ஒரே மூலத்தின என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இதனைக்கொண்டு “ரோமா மக்கள் நம் உடன்பிறந்தாரே” என்று மேடையில் முழங்குவோர் உளர். சென்றவர்கள் எந்தச் சாதியினர் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உறவு கொண்டாடுவதற்குப் பெயர்ச்சொல் ஒப்புமையினும் வலிய காரணம் இருக்கிறது. அது அவர்கள் பட்ட பாடு.

இன்றைய ருமேனியாவின் பகுதிகளான வலாக்கியா, மால்டேவியா ஆகிய நாடுகளில் ரோமா மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் அடிமைகளாய் இருந்தனர். அரசுக்கும் மடங்களுக்கும் நிலக்கிழார்களுக்கும் சொந்தமான உடைமைகளாக அவர்கள் விற்கவும் வாங்கவும் பட்டனர். மால்டேவியாவில் 1855ஆம் ஆண்டிலும் வலாக்கியாவில் 1856ஆம் ஆண்டிலுமே அவ்வடிமைத்தனம் முற்றாக ஒழிந்தது. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா அவர்களைத் ‘திருத்த’ விரும்பினார். அவர்கள் மொழியைத் தடுத்தார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பிறர் வீடுகளில் வளர்க்கச் செய்தார். இருபதாம் நூற்றாண்டில் இட்லரின் ஆட்சி அவர்களைக் கூண்டோடு அழிக்க முற்பட்டது. 1944 ஆகஸ்டு 2ஆம் நாள் இரவு, ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட ரோமா ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டனர். இந்த அழிவைப் பற்றி நமது பாடநூல்களில் ஒரு வரியையும் நான் கண்டதில்லை.

இனி நமது பொருளுக்கு வருவோம். பல்கேரிய நாட்டின் வடமேற்கு மூலையில் தன்யூப் ஆற்றங்கரையில் விதின் என்றொரு நகரம் உண்டு. பழமையான கோட்டையொன்று அங்கே ஆற்றை நோக்கி நிற்கிறது, அக்கரை ருமேனியா. அந்நகரின் ஓரத்தில் ரோமா மக்கள் வாழும் பகுதிக்கு ‘நோவ் பட்’ என்று பெயர். ‘புதிய பாதை’ என்பது அதன் பொருள். நம் ஊர்களில் சேரி எவ்வாறு ஊரைச் சேர்ந்தும் சேராமலும் இருக்கிறதோ அவ்வாறே அது நகரைச் சேர்ந்தும் சேராமலும் இருந்தது. அதற்கெனத் தனிப்பள்ளி ஒன்றும் இருந்தது.

அத்தகைய தனிப்பள்ளிகள் பல்கேரியாவில் எவ்வாறு தோன்றின என்பது அறியத்தக்கது. பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில், 1958இல், ரோமா மக்கள் ஊர் ஊராகச் சுற்றித் திரிவது தடைசெய்யப்பட்டது. அவர்களுக்கு வீடும் வேலையும் தரப்பட்டன. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தேயாக வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இவையெல்லாம் அதற்கு முந்திய எந்த அரசும் அவர்களுக்குச் செய்யாதவை என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் பள்ளிகள் அவர்கள் குடியிருப்புகளுக்குள்ளேயே கட்டப்பட்டன. அப்பள்ளிகளுக்கு ஒருகாலத்தில் வழங்கிய பெயரைத் தமிழில் சொன்னால், ‘தாழ்ந்த வாழ்க்கை முறையும் பண்பாடும் உடைய பிள்ளைகளுக்கான பள்ளிகள்’ என்றாகும். அங்கே எழுத்தையும் எண்ணையும்விடக் கைத்தொழிலுக்கே முதலிடம் தரப்பட்டது. பின்னர் அப்பெயர் நீக்கப்பட்டது, பள்ளி நீங்கவில்லை. 1989இல் ஆட்சி மாறியது. அரசுத் தொழிற்சாலைகளும் கூட்டுப் பண்ணைகளும் மூடப்பட்டபோது முதலில் வேலையிழந்தவர்கள் ரோமா மக்களே. வறுமை சூழ்ந்த குடியிருப்பில், நல்ல ஆசிரியர் வர விரும்பாத பள்ளியில், நான்கு வகுப்பு முடித்தும் பிழையின்றிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் பெருகினர்.

அந்த நோவ் பட் பள்ளியில் ஆசிரியப் பணியாற்றியவர் தோன்கா பனயோத்தோவா என்னும் ரோமாப் பெண்மணி. பள்ளியின் நிலையை உள்ளிருந்தே கண்டவர். இவர் தலைமையில் இயங்கிய உள்ளூர்ச் சங்கத்தின் பெயர் ‘த்ரோம்’. ரோமா மொழியில் அதற்கும் ‘வழி’ என்றே பொருள். 1999 ஏப்ரலில் பல்கேரிய அரசு, ரோமா அமைப்புகளின் நீண்ட முயற்சிக்குப் பின், அம்மக்களைச் சமநிலைக்குக் கொண்டுவருவதற்கான திட்டமொன்றை ஏற்றது. தனிப்பள்ளிகளை ஒழித்தல் அத்திட்டத்தின் ஒரு கூறு. ஆண்டொன்று கழிந்தும் தாளில் இருந்தது தாளிலேயே இருந்தது. அரசு செய்யட்டும் என்று காத்திராமல் தாமே தொடங்குவது என்று த்ரோம் சங்கத்தார் முடிவு செய்தனர். ரூம்யான் ருசினோவ் என்னும் பல்கேரிய ரோமாத் தலைவர், புடாபெஸ்ட் நகரில் இருந்த திறந்த சமுதாய நிறுவனத்தின் ரோமா திட்டத்தின் வாயிலாகப் பொருளுதவி கிடைக்கச் செய்தார்.

திட்டம் எளியது. நோவ் பட் பிள்ளைகளைக் காலையில் பேருந்தில் ஏற்றி நகரின் நடுவிலுள்ள பொதுப்பள்ளிகளில் சேர்ப்பது. மாலையில் திரும்பக் கொண்டுவருவது. அவ்வளவே. ஆனால் அதற்கு முன் வீடு வீடாகச் சென்று பெற்றோருடன் பேசிய மாதங்களைப் பற்றித்தான் நம் இளைஞர்கள் அறிய வேண்டும். “நகரப் பள்ளியில் என் பிள்ளையை அடிப்பார்கள்” என்பது பெற்றோரின் முதல் அச்சம். தலையை மழித்துக்கொண்டு திரியும் இனவெறிக் கும்பல்கள் அக்காலத்தில் அங்கே ரோமா மக்களைத் தாக்கிவந்தன. ஆகவே அவ்வச்சம் வெறும் கற்பனையன்று. நல்ல காலணி இல்லை, உடை இல்லை, மற்றப் பிள்ளைகள் நகைப்பார்கள் என்பது அடுத்த கவலை. தனிப்பள்ளியின் ஆசிரியர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. பிள்ளைகள் போய்விட்டால் தம் பணியிடம் போய்விடுமே என்ற அச்சம் அவர்களுக்கு. பள்ளித் தலைமையாசிரியனாகிய எனக்கு அவ்வச்சம் நன்கு விளங்குகிறது. அதனை நியாயம் என்று மட்டும் என்னால் ஒப்ப இயலவில்லை.

நகரப் பொதுப்பள்ளிகள் எவ்வாறு இசைந்தன என்று கேட்கலாம். பல்கேரியாவில் பிறப்பு விகிதம் குறைந்துகொண்டே வந்தது. இளைஞர் பலர் வெளிநாடு சென்றனர். பள்ளிகளில் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. மாணவர் தொகை குறைந்தால் வகுப்பு மூடப்படும். ஆகவே சில தலைமையாசிரியர்கள் கொள்கையாலும் சிலர் தேவையாலும் கதவைத் திறந்தனர். கதவு திறந்ததற்குக் காரணம் எதுவாயினும் உள்ளே நுழைவது பிள்ளையின் உரிமை என்பதே என் கருத்து.

பல்கேரியாவில் பள்ளியாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கும். 2000ஆம் ஆண்டு அந்நாளில் ஏறத்தாழ முந்நூறு ரோமாப் பிள்ளைகள் பேருந்துகளில் ஏறி ஆறு பொதுப்பள்ளிகளுக்குச் சென்றனர். ஒவ்வொரு பேருந்திலும் அவர்கள் இனத்தைச் சேர்ந்த பெரியவர்கள் உடன் சென்றனர். அவர்கள் பேருந்தோடு திரும்பிவிடவில்லை; பள்ளியிலும் இருந்தனர். வராத பிள்ளையின் வீட்டுக்குச் சென்று காரணம் அறிவதும், வகுப்பில் சச்சரவு எழுந்தால் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இடையே பேசுவதும் அவர்கள் பணி. வறிய பிள்ளைகளுக்கு நூலும் உடையும் காலணியும் வழங்கப்பட்டன. பாடத்தில் பின்தங்கியவர்களுக்குத் துணை வகுப்புகள் நடந்தன. அஞ்சிய வன்முறை நிகழவில்லை. அடுத்த ஆண்டு நானூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பேருந்து ஏறினர். முதலாண்டில் தயங்கிய தாய்மார் இரண்டாமாண்டில் தாமே வந்து பெயர் கொடுத்தனர். மொந்தானா, பிளேவென், ஸ்தாரா ஸகோரா, ஸ்லிவென், ஹாஸ்கோவோ முதலிய நகரங்களிலும் உள்ளூர் ரோமாச் சங்கங்கள் விதினைப் பின்பற்றின. 2002 செப்டம்பரில் பல்கேரியக் கல்வி அமைச்சகம் இவ்வாறு சேர்ப்பதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதாவது, ஊரார் முதலில் செய்து காட்டினர். அரசு பின்னர் எழுதியது.

பேருந்தில் ஏற்றுவது எளிது. வகுப்பறையில் எங்கே அமர்த்துவது என்பதே கடினம். என் வாழ்க்கையையே சற்றுக் கூறுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை நலத்துறைப் பள்ளியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்புக்கு ஊர்ப் பொதுப்பள்ளிக்குச் சென்றேன். அங்கே யாரும் என்னை வெளியே நிறுத்தவில்லை. உயரத்தின்படி அமர்த்துகிறோம் என்று சொல்லி, வகுப்பிலேயே குட்டையான என்னைக் கடைசி வரிசையில் அமர்த்தினார்கள். என் பக்கத்தில் அமர்ந்தவனும் எங்கள் தெருவினனே. கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதைக் காண எழுந்து நிற்க வேண்டியிருந்தது. சாத்தாராப் பள்ளியில் கோணிப்பையை விரித்து அதன்மேல் அமர்ந்த அண்ணல் அம்பேத்கர் அவர்களின் இளமையை நாம் மேடைகளில் கூறுகிறோம். கோணி போய்ப் பலகை வந்த பின்னும் பலகையின் இடம் இருக்கிறதல்லவா?

விதினில் த்ரோம் சங்கத்தார் இதனை முன்கூட்டியே உணர்ந்திருந்தமையே அவர்கள் முயற்சியின் சிறப்பு. ரோமாப் பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் பொதுப்பள்ளிக் கட்டடத்துக்குள் தனி வகுப்பாக அமைத்தால் தனிப்பள்ளி இடம்பெயர்ந்ததாகுமேயன்றி ஒழிந்ததாகாது. ஆகவே ஒரே வகுப்பில் கலந்து அமர்த்துவதை அவர்கள் வற்புறுத்தினர். இம்முயற்சியைக் குறைகூறியவர்களும் உளர். “ஏன் ரோமாப் பிள்ளை மட்டும் நகருக்குப் பயணம் செய்ய வேண்டும்? நகரப் பிள்ளை ஒருவரேனும் நோவ் பட்டுக்கு வந்தாரா?” என்பது ஒரு வினா. “தம் மொழியையும் பழக்கத்தையும் இழந்துவிடுவர்” என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடையாக, ரோமாப் பண்பாட்டைப் பொதுப்பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் அறியுமாறு செய்யச் சங்கத்தார் முயன்றனர். முதலாவதற்கு நேரிய விடை இல்லை. சுமையைத் தாழ்த்தப்பட்ட பிள்ளையின் தோளிலேயே ஏற்றியது அத்திட்டம் என்பது உண்மையே. ஆயினும் எதிர்த்திசையில் பேருந்து ஓடும்வரை நோவ் பட் பிள்ளைகள் காத்திருந்தால், அவர்கள் பேரப்பிள்ளைகளும் அத்தனிப்பள்ளியிலேயே இருந்திருப்பர்.

தனிப்பள்ளியே கூடாது என்று ஒரேயடியாகக் கூறிவிடவும் என் மனம் ஒப்பவில்லை. சென்னையில் கர்னல் ஆல்காட் 1894இல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியபோது, நம் முன்னோருக்குத் திறந்திருந்த பிற கதவுகள் மிகச் சில. அத்தகைய பள்ளிகளில்தான் நம்மில் பலருடைய பாட்டன்மார் முதலெழுத்தைக் கற்றனர். நானும் அந்த வழியில் வந்தவனே. கதவு மூடியிருக்கும் காலத்தில் தனிப்பள்ளி ஓர் அடைக்கலம். கதவு திறந்த பின்னும் பிள்ளையை அங்கேயே வைத்திருந்தால் அது காவல். எந்த நாளில் அடைக்கலம் காவலாக மாறுகிறது என்பதைத்தான் அறிவது அரிது. பனயோத்தோவா அம்மையார் அந்நாளைத் தம் பள்ளிக்குள்ளிருந்தே கண்டுகொண்டார்.

செக் நாட்டின் ஆஸ்த்ரவா நகரத்தார் வேறு வழியில் சென்றனர். அங்கே ரோமாப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி என்று பெயரில்லை. ‘சிறப்புப் பள்ளி’ என்ற ஒன்று இருந்தது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கானது. பள்ளியில் சேரும்போது ஒரு சோதனை வைப்பார்கள். செக் மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளை மனத்தில் கொண்டு அமைத்த சோதனை அது. ரோமாப் பிள்ளை அதில் தவறினால் மூளை வளர்ச்சி போதாது என்று முத்திரையிட்டுச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவார்கள். பெற்றோரும், என்ன என்று முழுதும் அறியாமலே, இசைவுத் தாளில் கையெழுத்திட்டனர். நகரின் தொடக்கப்பள்ளி மாணவர்களில் ரோமாப் பிள்ளைகள் நூற்றுக்கு 2.26 பேரே, சிறப்புப் பள்ளிகளிலோ நூற்றுக்கு 56 பேர். ஆஸ்த்ரவாவில் பிறந்த ரோமாப் பிள்ளை சிறப்புப் பள்ளியில் சேர்க்கப்படும் வாய்ப்பு, மற்றப் பிள்ளைக்கு இருந்ததைப்போல் 27 மடங்கு.

பதினெட்டு ரோமாப் பிள்ளைகளின் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. 1999இல் செக் அரசியலமைப்பு நீதிமன்றம் அதனைத் தள்ளியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2006இல் அங்கேயும் தோல்வி. சோர்வடையாமல் அதன் பேரமர்வுக்கு எடுத்துச் சென்றனர். 2007 நவம்பர் 13ஆம் நாள் பதினேழு நீதிபதிகளில் பதின்மூவர் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தனர். தீய எண்ணத்தோடு எவரும் செய்தார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை, விளைவு ஓரினத்தைத் தனியே தாக்குமாயின் அதுவும் பாகுபாடே என்பதும், அதனைக் காட்டப் புள்ளிவிவரங்களும் சான்றாகும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். ஒவ்வொரு பிள்ளைக்கும் 4,000 யூரோ இழப்பீடு விதிக்கப்பட்டது. ஆனால் தீர்ப்பு வந்தபோது அவர்களுள் மூத்தவர்கள் இருபது வயதைக் கடந்திருந்தனர். இழந்த வகுப்பறையைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் இயலவில்லை. சட்டம் பயிலும் நம் இளைஞர்கள் இவ்வழக்கை ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

அமெரிக்காவில் கருப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி கூடாதென்று 1954 மே 17இல் தீர்ப்புப் பெற்ற வழக்கறிஞர் குழுவில் ஒருவரான ஜாக் கிரீன்பர்க், தம் முதுமையில் கிழக்கு ஐரோப்பாவுக்குச் சென்று ரோமாப் பள்ளிகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதினார். ஒரு போராட்டத்தில் பெற்ற அறிவை மற்றொன்றுக்குக் கொண்டுசேர்க்க அத்தனை தொலைவு சென்றார் அவர்.

எதிர்ப்பும் ஓயவில்லை. ஏதென்சுக்கு அருகே ஆஸ்ப்ரோபிர்கோஸ் என்னும் ஊரில் 2005 செப்டம்பரில் ரோமாப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தபோது, மற்றப் பெற்றோர் வாயிலை மறித்தனர். காவலர் துணையோடு பிள்ளைகள் உள்ளே செல்ல வேண்டியிருந்தது. பின்னர் அப்பிள்ளைகளுக்கென்று தனிக் கட்டடம் ஒதுக்கிவிட்டார்கள். 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதனைக் கண்டித்தது. ஹங்கேரியின் ஜ்யோஞ்ஜ்யோஷ்பதா என்னும் சிற்றூரில் ஒரே பள்ளிக் கட்டடத்தில் கீழ்த்தளம் ரோமாப் பிள்ளைகளுக்கு, மேல்தளம் மற்றவர்க்கு. நீச்சல் வகுப்பிலும் ரோமாப் பிள்ளைகளுக்கு இடமில்லை. பதின் ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2020 மே மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஏறத்தாழ அறுபது பேருக்கு மொத்தம் ஒன்பது கோடியே தொண்ணூறு லட்சம் போரிண்ட் இழப்பீடு உறுதி செய்தது. அந்நாட்டுப் பிரதமரே அத்தீர்ப்பைக் குறை கூறினார். தலைமுறைகள் வஞ்சிக்கப்பட்டபோது வாய் திறவாதோர் இழப்பீடு என்றதும் நியாயம் பேசுவது எந்த நாட்டிலும் புதிதன்று.

இனி அப்புகைப்படத்துக்கு வருகிறேன். ஹங்கேரியின் வடகிழக்கே ஷாயோகஸா என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில், 2007இல், டிபோர் டெர்டாக் என்னும் ஹங்கேரியரும் யானோஷ் ஓர்ஷோஷ் என்னும் ரோமா இளைஞரும் சேர்ந்து ஒரு பள்ளியைத் தொடங்கினர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றிய நூலொன்று அவர்கள் கைக்குக் கிடைத்ததே தொடக்கம். படித்தபோது தம் மக்களின் வாழ்க்கையையே படிப்பதாக உணர்ந்தனர். மகாராட்டிரத்துக்கு வந்து அங்குள்ள பௌத்த மக்களோடு பழகினர். திரும்பிச் சென்று பௌத்தம் தழுவினர். அவர்கள் ஒருவரையொருவர் ‘ஜெய் பீம்’ என்று வணங்கிக்கொள்கின்றனர். ரோமாக் கொடியிலும் நடுவே ஒரு சக்கரம் உண்டு; 1971இல் லண்டன் அருகே நடந்த முதல் உலக ரோமா மாநாட்டில் அது ஏற்கப்பட்டது. பொதுப்பள்ளிகளிலிருந்து இடைநின்றவர்களும் வெளியே தள்ளப்பட்டவர்களுமே அம்பேத்கர் பள்ளிக்கு வருகின்றனர். எட்டாம் வகுப்போடு நின்றவர், மணமான பெண்கள், கையில் குழந்தையோடு வருவோர் ஆகியோர் பள்ளி இறுதித் தேர்வுக்கு அங்கே ஆயத்தம் செய்யப்படுகின்றனர்.

அப்பள்ளியின் மாணவர் பெரும்பாலோரும் ரோமா இனத்தவரே. விதினில் தனிப்பள்ளியை விட்டு வெளியேறியதைப் போற்றிவிட்டு, ஷாயோகஸாவில் ஒரு தனிப்பள்ளியைப் போற்றுவது முரணன்றோ என்று அம்மாணவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. விதினில் ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொதுப்பள்ளியின் கதவைத் திறந்தார்கள். ஷாயோகஸாவில், அந்தக் கதவு பதினைந்து வயதில் முகத்தில் அறைந்து சாத்தப்பட்ட பின் மிஞ்சியவர்களுக்கு விளக்கேற்றினார்கள். முன்னது எங்கும் நடந்திருந்தால் பின்னதற்குத் தேவையே இருந்திராது. இன்னும் தேவை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2021இல் எடுத்த கணக்கின்படி, ஆறு முதல் பதினைந்து வயதுவரையுள்ள ரோமாப் பிள்ளைகளில் நூற்றுக்கு 52 பேர், எல்லாரும் அல்லது பெரும்பாலோர் தம்மினத்தவராகவே உள்ள பள்ளிகளில் படித்தனர். 2016இல் அது 44 ஆக இருந்தது. ரோமாப் பிள்ளைகள் ஓரளவுக்குமேல் சேர்ந்ததும் மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுகின்றனர். கலப்புப் பள்ளி சில ஆண்டுகளில் தானே தனிப்பள்ளியாகிவிடுகிறது. நம் ஊர் அரசுப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டைப் புரட்டுவோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

2000 செப்டம்பரில் முதல் வகுப்புக்குப் பேருந்து ஏறிய விதின் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது கடந்திருக்கும். அவர்கள் பிள்ளைகள் பள்ளி செல்லும் பருவத்தில் இருப்பர். அம்மாணவர் கொணர்ந்த புகைப்படத்தை நமது படிப்பகத்தின் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதன் கீழே ஷாயோகஸா என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறார். அவ்வூர் எங்கே என்று கேட்பவர்களுக்கு நிலப்படத்தில் அவரே காட்டுகிறார்.